பிணை நின்றவர்கள்

அமெரிக்காவில் குடியேறி அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட ஒருவர், ஊரில் இருக்கும் தம் தாயாரையோ மனைவியையோ நிரந்தரமாகத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பினால், பாசத்தை மட்டும் சாட்சியாக நிறுத்தி அந்தக் காரியத்தைச் சாதித்துவிட முடியாது. வருமானவரிக் கணக்கின் நகலையும், முதலாளியின் கடிதத்தையும், சம்பளச் சீட்டுகளையும் சேர்த்துக் கட்டி, ஐ-864 என்ற பெயருடைய பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, வருகிறவர் சர்க்காரின் தர்மப் பணத்தை எதிர்பார்க்க நேராது என்று அவர் உத்தரவாதம் தர வேண்டும். இப்பத்திரம் நடைமுறைக்கு வந்தது 1997-ல்தான் என்றாலும், 'இவனுக்கு யார் சோறு போடுவது?' என்று அது கேட்கும் கேள்வி மிகப் பழையது. அக்கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை காலந்தோறும் யார் தலையில் விழுந்தது என்பதே இச்சரித்திரத்தின் சாரம்.

முதலில் அது கப்பல்காரர் தலையில் விழுந்தது. நியூயார்க் மாகாணம் 1824-ல் செய்த சட்டம், பிற தேசங்களிலிருந்து பிரயாணிகளை ஏற்றி வரும் கப்பலின் தலைவன் அவர்களுடைய பெயர்ப் பட்டியலை நகர அதிகாரியிடம் ஒப்புவிக்க வேண்டும் என்றும், அவர்களில் எவரேனும் நகரத்தின் அன்னசாலையை நாடும்படி ஆகிவிட்டால் அச்செலவை ஈடுசெய்வதாகப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஏழைகளின் கட்டணத்தால் லாபம் அடைகிறவன், அவர்களால் விளையக்கூடிய நஷ்டத்திலும் பங்கு ஏற்கட்டும் என்பது அதன் நியாயம். நாளடைவில் பிணை போய், தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரி வந்தது. ஆனால் வெளிநாட்டு வர்த்தகத்தைப் பற்றிய சட்டம் செய்யும் அதிகாரம் மாகாணங்களுக்கு இல்லையென்ற அடிப்படையில், உச்ச நீதிமன்றம் 1849-லும், மறுபடியும் 1876-லும் இவ்வேற்பாடுகளைச் செல்லாதவை ஆக்கியது. வருமானம் போய்ச் செலவு மட்டும் மிஞ்சிய நியூயார்க் முதலிய துறைமுக மாகாணங்கள் வாஷிங்டனிடம் முறையிட்டதன் பலனாகவே 1882-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் பிறந்தது. அது தலைக்கு 50 சென்ட் வரி விதித்ததோடு, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள மாட்டாமல் பொதுச் சுமையாகிவிடக்கூடியவனைத் திருப்பி அனுப்பவும் வகை செய்தது. 1891-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி சென்று, 'பொதுச் சுமையாகிவிடக் கூடும்' என்ற ஊகமே ஒருவனைத் தடுக்கப் போதும் என்று ஆக்கிற்று.

ஊகத்துக்கு எல்லை ஏது? 1892-ல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவில், கேள்வி இப்போது பிரயாணியின் மடியையே நோக்கித் திரும்பியது. அங்கே ஆணையராக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், ஊர் போய்ச் சேரும் ரயில் டிக்கட்டு நீங்கலாகக் கையில் 25 டாலராவது இருப்பது நலம் என்று 1909-ல் அறிவித்தார். ஒரு நாள் கூலியே ஒரு டாலர் இரண்டு டாலராக இருந்த அக்காலத்தில் அது ஏழைக்கு அற்பத் தொகையன்று. மேற்குக் கரையிலோ சான்பிரான்சிஸ்கோவை அடுத்த ஏஞ்சல் தீவில், பஞ்சாபிலிருந்து வந்த குடியானவர்கள் திடகாத்திரர்களாயிருந்தும், இந்தியர்மீது அங்குள்ளவர்களுக்கு வெறுப்பு இருப்பதால் வேலை அகப்படாது, ஆகவே பொதுச் சுமையாவார்கள் என்று விசித்திரமாக வாதித்து, அவர்களில் பலரை அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். போர்ட்லாண்ட் நகரில் வேலையில்லாத் திண்டாட்டம் என்ற காரணத்தால் தடுக்கப்பட்ட ருஷ்யர்களின் வழக்கில், ஒருவனை விலக்கும் காரணம் அவனிடத்திலேயே இருக்க வேண்டுமேயன்றி அவன் போகும் ஊரின் நிலைமையில் இருத்தல் ஆகாது என்று நீதிபதி ஹோம்ஸ் 1915-ல் தீர்ப்பளித்தார். இந்தியர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் நெடுநாள் பயன்படவில்லை. 1917-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதிக்குக் கதவையே சாத்திவிட்டது.

பந்துக்களின் கையொப்பம் உயிர்நாடியாக ஆனது அதற்குப் பின்புதான். 1924 முதல் விசா கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்தத் தேசத்தில் இருந்த அமெரிக்கக் கான்சல்களின் பொறுப்பாயிற்று. பொருளாதார மந்தம் தேசத்தை வாட்டிக்கொண்டிருந்த 1930-ஆம் வருஷம் செப்டம்பரில், பழைய பொதுச் சுமை விதியை மிகக் கண்டிப்பாகக் கையாளும்படி ஜனாதிபதி ஹூவரின் அரசாங்கம் அவர்களுக்கு உத்தரவிட்டது. வேலை தேடித்தான் பிழைக்க வேண்டியவன் எவனும் இக்கண்டிப்பைத் தாண்ட முடியாதாகையால், அமெரிக்காவிலுள்ள உறவினர் ஒருவர் தம் ஆஸ்தியைக் காட்டி ஆதரவுப் பிரமாணம் எழுதித் தருவதே வழியாயிற்று. வரிக் கணக்கின் அத்தாட்சி பெற்ற நகல், பாங்கின் சான்று, வேறு சொத்துக்களைப் பற்றி ஒரு பொறுப்புள்ள மனிதரின் வாக்குமூலம் என்று இன்றைய கட்டில் உள்ள காகிதங்களின் மூதாதைகள் அனைத்தும் அப்போதே அணிவகுத்துவிட்டன.

ஹிட்லரின் ஆட்சியில் தவித்த யூதர்களுக்கு இக்காகிதம் கிடைப்பதும் கிடைக்காததும் வாழ்வும் சாவுமாக முடிந்தது. ஜெர்மனிக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 26,000 விசாக்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், 1933-ல் அவற்றில் மிகச் சிறு பகுதியே வழங்கப்பட்டது. வியன்னா நகரத்து யூதர்கள் அமெரிக்க டெலிபோன் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, தங்கள் குடும்பப் பெயரையே தாங்கிய முன்பின் அறியாதவர்களுக்கு, 'நாம் ஒருவேளை உறவாக இருக்கக் கூடும்' என்று கடிதம் எழுதினார்கள். யூனிவர்சல் சினிமாக் கம்பெனியை நிறுவிய கார்ல் லேம்லே, தாம் பிறந்த லௌப்ஹைம் என்னும் சிற்றூர்க்காரர்கள் முதலாக நூற்றுக்கணக்கானோருக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கொடுத்த பத்திரங்கள் பெருகப் பெருக ஸ்டுட்கார்ட் கான்சலேட் அவற்றை ஏற்கத் தயங்கவே, அவர் 1938-ல் வெளிநாட்டு மந்திரி கார்டெல் ஹல்லுக்கே எழுதி மன்றாட நேர்ந்தது. ஐன்ஸ்டீனும் தம் சக்திக்கு மேற்பட்டுப் பலருக்குக் கையொப்பமிட்டார். கையொப்பத்தின் மதிப்பு போட்டவரின் பெருமையைப் பொறுத்ததன்று, அவருடைய பாங்குக் கணக்கில் இன்னும் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர்கள் அறிய வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை உயிர்களின் விதியை நிர்ணயித்த அப்பத்திரத்துக்கு நியாயஸ்தலத்தில் யாதொரு மதிப்பும் இல்லை. குடியேறியவர் ஒருவருக்கு மனநோய் ஆஸ்பத்திரியில் ஆன செலவை அவருக்காகப் பிரமாணம் செய்தவரிடம் வசூலிக்கச் சர்க்கார் தொடுத்த வழக்குகளில், நியூயார்க், மிச்சிகன் மாகாணங்களின் நீதிபதிகள் 1950-களின் இறுதியில், அது தார்மிகக் கடமையேயன்றிச் சட்டக் கடமையன்று என்று தள்ளிவிட்டார்கள். வாக்குக் கொடுத்தவனுடைய மனச்சாட்சியைத் தவிர அவ்வாக்கைக் காக்க வேறு காவல் இருக்கவில்லை.

அக்காவலை 1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்படுத்தியது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி, 1997-ஆம் வருஷம் டிசம்பர் 19 முதல், உறவினர் எழுதித் தருவது ஒப்பந்தமாகிவிட்டது. வந்தவர் உதவித்தொகை பெற்றால் சர்க்கார் வழக்குத் தொடரலாம், வந்தவரே ஆதரவு கோரியும் வழக்குத் தொடரலாம். அவர் பிரஜையாகும் வரை, அல்லது ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஈடான 40 காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும் வரை, அல்லது தேசத்தை விட்டு நிரந்தரமாக நீங்கும் வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும் வரை அக்கடமை நீங்காது. விவாகரத்தும் அதனை அறுப்பதில்லை. பிரிந்த மனைவியர் இப்பத்திரத்தைக் காட்டி ஜீவனாம்சம் பெற்ற வழக்குகள் உண்டு.

கையொப்பமிடுகிறவருடைய வருமானம் வறுமைக் கோட்டின் 125 சதவீதத்தை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் வருமானமுள்ள வேறொருவர் கூட்டுப் பிணையாக நிற்கலாம். இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2024-ல் இத்தொகை 25,550 டாலர். அக்கோடு எவ்விதம் வரையப்பட்டது என்பதும் அறியத்தக்கது. 1960-களின் தொடக்கத்தில் மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர், மிகச் சிக்கனமான உணவுத் திட்டம் ஒன்றின் செலவைக் கணக்கிட்டு, சராசரிக் குடும்பம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுகிறது என்ற அடிப்படையில் அதனை மூன்றால் பெருக்கினார். விலைவாசியை ஒட்டி உயர்த்தப்பட்டு வரும் அத்தொகையே இன்றுவரை அளவுகோல். 'யார் சோறு போடுவது?' என்ற கேள்விக்குக் கடைசியில் சோற்றின் விலையே அளவாக அமைந்தது.

1824-ல் பிணை எழுதியவன் பிரயாணியால் பணம் சம்பாதித்தவன். இன்று எழுதுகிறவர் வருகிறவரோடு சேர்ந்து வாழ விரும்புவதைத் தவிர வேறு ஆதாயம் இல்லாதவர். திறமை கருதி வேலைக்காக ஒருவரை நிரந்தரமாக வரவழைக்கும் கம்பெனியோ, உறவினருக்குச் சொந்தமான கம்பெனியாக இல்லாதவரையில், இப்பத்திரத்தில் கையொப்பமிடத் தேவையே இல்லை. சம்பளம் தருவதாகச் சொன்னால் போதும், வந்தவர் வேலையிழந்த பிற்பாடு அவரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மனித உழைப்பால் லாபம் காண்பவனுக்கு உழைப்பு உள்ள வரை உறவு, பெற்றவளை அழைத்து வரும் பிள்ளைக்கு ஆயுள் உள்ள வரையும் நீளக்கூடிய கடன் என்று பிரித்து வைத்திருக்கும் இவ்வேற்பாட்டை நோக்கும்போது, லாபம் பெறுகிறவனே நஷ்டத்துக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று நினைத்த பழைய நியூயார்க் சட்டம், அதன் மற்றக் கொடுமைகள் எப்படியிருந்தபோதிலும், இந்த ஓர் அம்சத்தில் நம் காலத்துச் சட்டத்தைவிட நியாயம் அறிந்திருந்தது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.