தனித்தொழில்முறைக் கணினி வடிவமைப்பு ஆலோசகர்

தனித்தொழில்முறைக் கணினி வடிவமைப்பு ஆலோசகர் என்பவர், எந்த நிறுவனத்திலும் நிரந்தர ஊழியராக இல்லாமல், பல்வேறு வாடிக்கையாளர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் பொறியியல் வரைபடங்களையும் முப்பரிமாண மாதிரிகளையும் கணினியில் உருவாக்கித் தருபவர் ஆவார். இயந்திர உதிரிப்பாகங்கள், கட்டடங்கள், நெகிழிப் பொருட்கள், நகைகள், தகட்டு வேலைகள் எனப் பல துறைகளில் இவர்களது பணி பயன்படுகிறது. சிலர் வரைபடம் வரைவதோடு நின்றுவிடுவர். வேறு சிலர் பொருளின் வடிவத்தைத் தீர்மானிப்பது முதல் உற்பத்தி முறையைப் பரிந்துரைப்பது வரை பொறுப்பேற்பர். பின்னவர்களையே ஆலோசகர் என்று அழைப்பது பொருத்தமானது. எனினும், நடைமுறையில் இரு சாராரும் அப்பெயரையே பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

1957 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய பேட்ரிக் ஹன்ராட்டி, எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கான ப்ரோன்டோ என்ற நிரலமைப்பை உருவாக்கினார். 1963 இல் ஐவன் சதர்லாந்து, மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் தனது முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்னும் மென்பொருளை எழுதினார். திரையின் மீது ஒளிப்பேனாவால் வரையக்கூடியதாக அது அமைந்தது. ஹன்ராட்டி பின்னர் 1971 இல் சொந்தமாக ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் உருவாக்கிய ஆடம் என்ற மென்பொருள், பிற்காலத்து வணிக மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளமானது.

அக்காலத்தில் இத்தகைய அமைப்புகளை வாங்கும் வசதி வானூர்தி, தானுந்து ஆகிய துறைகளைச் சேர்ந்த பெரிய நிறுவனங்களுக்கே இருந்தது. தனியாள் ஒருவர் இத்தொழிலில் இறங்க வழி இருக்கவில்லை. 1982 இல் தனிமேசைக் கணினியில் இயங்கும் ஆட்டோகேட் வெளியானபோது இந்நிலை மாறியது. 1995 இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ், முப்பரிமாண மாதிரியமைப்பையும் விண்டோஸ் கணினிக்குக் கொண்டு வந்தது. வீட்டின் ஓர் அறையிலிருந்தே உலகின் மறுகோடியில் உள்ள தொழிற்சாலைக்கு வரைபடம் அனுப்பும் நிலை இதன் பின்னரே தோன்றியது.

பணியின் தன்மை

மென்பொருளை இயக்கத் தெரிந்தாலே வடிவமைப்பும் தெரியும் என்று கருதுவது பரவலான தவறாகும். திரையில் வரையக்கூடிய எல்லாவற்றையும் பட்டறையில் செய்துவிட முடியாது. நெகிழிப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால், உருகிய நெகிழி எஃகு அச்சினுள் செலுத்தப்பட்டு, குளிர்ந்த பின் வெளியே தள்ளப்படுகிறது. பொருளின் பக்கச் சுவர்கள் முற்றிலும் செங்குத்தாக இருந்தால் அது அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். எனவே சுவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு பாகை அளவு சாய்வு தரப்படுகிறது. சுவரின் தடிப்பு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால், தடித்த பகுதி மெதுவாகக் குளிர்ந்து, மேற்பரப்பில் பள்ளம் விழும். நெகிழி குளிரும்போது சுருங்கவும் செய்கிறது. ஏபிஎஸ் ஏறத்தாழ 0.5 விழுக்காடும், பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2 விழுக்காடு வரையும் சுருங்கும். அச்சு அதற்கேற்பப் பெரிதாக அமைய வேண்டும். எஃகு அச்சைச் செய்து முடித்த பிறகு இத்தகைய பிழை கண்டறியப்பட்டால், அதைத் திருத்தும் செலவு வரைபடத்துக்குக் கொடுத்த கட்டணத்தை விடப் பன்மடங்காகிவிடும்.

தகட்டு வேலையிலும் இதைப் போன்ற நுணுக்கம் உண்டு. தகடு மடிக்கப்படும்போது மடிப்பின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் நெருங்குகிறது. ஆகவே வெட்ட வேண்டிய தட்டைத் தகட்டின் நீளம், மடித்த பொருளின் வெளி அளவுகளைக் கூட்டினால் வரும் நீளத்துக்குச் சமமாகாது. தகட்டின் தடிப்பு, மடிப்பின் ஆரம், உலோகத்தின் வகை ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணக்கிட வேண்டும். அனுபவமுள்ள ஆலோசகர், எந்த மடிப்பு இயந்திரத்தில் வேலை நடக்கும் என்பதை முதலிலேயே கேட்டறிந்துகொள்வார்.

நகைத் தொழிலில் ரைனோ போன்ற மென்பொருள்களில் மாதிரி அமைத்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் மெழுகு அல்லது பிசின் உருவம் எடுத்து, அதிலிருந்து உலோகம் வார்க்கின்றனர். மாதிரியின் கன அளவு கணினிக்குத் தெரிவதால், வார்ப்பதற்கு முன்னரே தங்கத்தின் எடையைக் கணிக்க இயலும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி கன சென்ட்டிமீட்டருக்கு ஏறத்தாழ 17.8 கிராம் ஆகும். கட்டுமானத் துறையில் கட்டடக் கலைஞரின் வரைவை விரிவான பணி வரைபடமாக்குவது, இரும்புச் சட்டக இணைப்புகளை வரைவது போன்ற பணிகள் வெளியாட்களிடம் தரப்படுகின்றன. எனினும் இந்தியாவில் கட்டடக் கலைஞர் என்ற பட்டப்பெயரை 1972 ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி பதிவு செய்தவர்களே பயன்படுத்தலாம்.

கோப்புகளும் வரைபட மரபுகளும்

வாடிக்கையாளரும் ஆலோசகரும் வெவ்வேறு மென்பொருள்களைப் பயன்படுத்துவது வழக்கம். இதற்காக 1980 இல் ஐஜெஸ் என்ற பொது வடிவமும், 1994 முதல் ஐஎஸ்ஓ 10303 என்ற தரமாக வெளியிடப்பட்ட ஸ்டெப் வடிவமும் உருவாயின. இவ்வாறு மாற்றப்படும் கோப்பில் பொருளின் வடிவம் தங்குமேயன்றி, அது எந்த வரிசையில் அமைக்கப்பட்டது என்ற விவரம் பெரும்பாலும் தங்குவதில்லை. பின்னர் ஒரு துளையின் விட்டத்தை மாற்றுவதுகூடக் கடினமாகலாம். ஆகவே மூலக் கோப்பும் ஒப்படைக்கப்படுமா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்கின்றனர்.

ஒரே மென்பொருளின் இரு பதிப்புகளும்கூடச் சிக்கலை விளைவிக்கும். ஏர்பஸ் ஏ380 வானூர்தியின் உருவாக்கத்தில் செருமானியக் குழுவினர் காட்டியாவின் நான்காம் பதிப்பையும், பிரெஞ்சுக் குழுவினர் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினர். அம்பர்க்கில் தயாரான மின்கம்பிக் கற்றைகள் துலூசில் பொருத்தப்பட்டபோது நீளம் போதவில்லை. வானூர்தி ஒன்றில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளக் கம்பிகள் இருந்தன. 2006 இல் கால தாமதம் அறிவிக்கப்பட்டது. முதல் வானூர்தி 2007 அக்டோபரிலேயே சிங்கப்பூர் ஏர்லைன்சிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாடு கடந்து பணியாற்றுவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று வீழல்முறை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் முதற்கோண வீழல்முறை வழக்கிலுள்ளது. அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை வழங்குகிறது. பொருளை வலப்புறமிருந்து பார்த்த தோற்றம், முன்னதில் முன்தோற்றத்தின் இடப்பக்கத்திலும் பின்னதில் வலப்பக்கத்திலும் வரையப்படும். வரைபடத்தின் மூலையில் உள்ள சிறு கூம்புக் குறியீட்டைப் பார்க்காமல் விட்டால், துளைகள் எதிர்ப்பக்கத்தில் விழுந்த உதிரிப்பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்.

கட்டணமும் போட்டியும்

கட்டணம் மணிக்கணக்கிலோ, முழு வேலைக்கும் சேர்த்தோ பேசப்படுகிறது. முழு வேலைக்குப் பேசும்போது எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும் என்பதை எழுதிக்கொள்ளாதவர்கள் பெரும்பாலும் இழப்படைகின்றனர். மென்பொருள் செலவும் பெரிது. 2016 இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. வேலையில்லாத மாதங்களிலும் சந்தா செலுத்த வேண்டியிருப்பது தனியாட்களுக்குச் சுமையாகும். ஃப்ரீகேட் என்ற திறமூல மென்பொருள் ஒரு மாற்றாக வளர்ந்து, 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது.

2013 இல் ஜெனரல் எலக்ட்ரிக், கிராப்கேட் என்ற இணையச் சமூகத்தின் வழியாக, வானூர்திப் பொறியைத் தாங்கும் பிடிப்பான் ஒன்றின் எடையைக் குறைக்கும் போட்டியை நடத்தியது. இந்தோனேசியாவின் சாலாத்திகா நகரைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் 2,033 கிராம் எடையை 327 கிராமாகக் குறைத்து முதலிடம் பெற்றார். பரிசுத்தொகை 7,000 டாலர். பெருநிறுவனத்துக்குக் கிடைத்த பயனோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே.

சட்டமும் உரிமையும்

வரைபடத்தின் பதிப்புரிமை யாருக்கு என்பது அடிக்கடி எழும் பிணக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 17 ஆம் பிரிவின்படி, ஊழியர் பணியின் பொருட்டு ஆக்கியவற்றின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, முதலாளியே. ஆலோசகர் ஊழியர் அல்லர் என்பதால், பணம் பெற்றுக்கொண்ட பின்னும் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். அதனை மாற்றித்தருவதற்குக் கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் தேவை என 19 ஆம் பிரிவு கூறுகிறது. கட்டணம் செலுத்தியதாலேயே எல்லாம் தமதாகிவிட்டது என வாடிக்கையாளர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஐஆர்35 வரி விதிகள், சொந்த நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் செய்துகொண்டு, உண்மையில் ஊழியரைப் போலவே பணியாற்றுவோருக்கு ஊழியருக்குரிய வரியை விதிக்கின்றன. ஒருவர் இவ்விதிக்குள் வருகிறாரா என்று தீர்மானிக்கும் பொறுப்பு, தனியார் துறையில் 2021 ஏப்ரல் முதல் நடுத்தர, பெரிய வாடிக்கை நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவில் படைத்துறைப் பொருட்களின் வரைபடங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை உரிமமின்றி அயல்நாட்டு ஆலோசகருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகவே கருதப்படுகிறது.