முந்திரி முதல் சதவீதம் வரை: சேதுக் கரையில் பின்னக் கணக்கு

ஒரு ரூபாயைப் பதினாறாகப் பிரித்தால் வரும் பங்கை இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள் தலைமுறைக்குத் தலைமுறை வேறு வேறாகப் படித்தார்கள். திண்ணைப் பள்ளியில் அது மாகாணி. சர்க்கார் மானியம் வாங்கிய பள்ளியில் ஓரணா. 1957க்குப் பிறகு ஆறேகால் காசு. பின்னம், தசமம், சதவீதம் என்று பாடநூல் மூன்று அத்தியாயங்களாக வைத்திருக்கும் கணக்கு இந்தக் கரையில் எப்படி மாறி மாறிக் கற்பிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. திண்ணையின் பழைய பின்ன வாய்பாடு, இடையில் வந்த அணா பைசாக் கணக்கைவிடத் தசமத்துக்கு நெருங்கிய உறவு. அந்த உறவைப் பள்ளி ஒருபோதும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே இங்கு நிறுவ முயல்வது.

திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடியின் கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பின்ன வாய்பாட்டில் இருந்து தொடங்குவோம். முந்திரி 320இல் ஒன்று. அதை இரட்டித்தால் அரைக்காணி, மறுபடி இரட்டித்தால் காணி, பிறகு அரைமா, பிறகு மா. மா என்பது 20இல் ஒன்று. நாலு மா சேர்ந்தால் ஐந்தில் ஒன்று. ஐந்து மா கால். மாவோடு காணியைக் கூட்டினால் மாகாணி, 16இல் ஒன்று. காலைக் காலால் பெருக்கினாலும் அதே மாகாணிதான் வரும். பிள்ளை இதைப் படம் வரைந்து கற்கவில்லை. மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, நாக்கில் ஏற்றிக்கொண்டான். சென்னை எழும்பூரில் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு 1790களில் அதை ஒரு முறையாக்கி இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். மணலும் சட்டாம்பிள்ளை முறையும் கப்பல் ஏறின. கீழ்வாய் இலக்கம் ஏறவில்லை.

இந்த அளவைகளுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. 320 என்ற எண் இரண்டையும் ஐந்தையும் மட்டும் பெருக்கிப் பெறுவது: ஆறு முறை இரண்டு, ஒரு முறை ஐந்து. அதனால் வாய்பாட்டில் உள்ள எந்தப் பின்னத்தையும் தசமமாக எழுதினால் அது எங்காவது முடிந்துவிடும். மா 0.05, காணி 0.0125, மாகாணி 0.0625, முந்திரி 0.003125. எதுவும் முடிவில்லாமல் நீளாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நிலத்தை வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நுணுக்கிச் சொல்கின்றன. அந்த மலைக்க வைக்கும் எண்ணும் 320ஐ நான்கு முறை பெருக்கி, ஐந்தால் ஒரு முறை பெருக்கியதுதான். சதவீதத்தில் சொன்னால் மா என்பது ஐந்து, நாலு மா இருபது, காணி ஒன்றேகால். நூறு என்ற அடித்தளத்தை வாய்பாடு எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் நூற்றுக்குக் கணக்கிட வேண்டியதெல்லாம் அதற்குள் இருந்தது.

கரையில் இது ஏட்டோடு நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்கும் சங்குக்கும் கீழக்கரை மரைக்காயர்கள் பேர்போன வணிகர்கள். எடையில் இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆகவே ஒரு மஞ்சாடி கழஞ்சில் ஒரு மா. முத்தின் மதிப்பு எடையோடு நேராக ஏறுவதில்லை. எடையை அதே எடையால் பெருக்கி முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை இருந்ததால், கால் மஞ்சாடி அரைக்கால் மஞ்சாடித் துண்டுகளை மனத்திலேயே பெருக்கத் தெரியாதவர் முத்து வியாபாரத்தில் நிற்க முடியாது. பின்னப் பெருக்கல் என்று இன்று ஆறாம் வகுப்பில் தனியாக நடத்தும் பாடம் அங்கே பிழைப்பு.

வாய்பாட்டுக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு: மூன்றில் ஒன்று அதில் இல்லை. ஆறில் ஒன்றும் இல்லை. நெல் அளவையில் மூன்று தூணி ஒரு கலம் என்று மூன்று எட்டிப் பார்க்கிறது. ஆனால் அது படி மரக்கால் கணக்கே தவிர, பின்னக் குறி அல்ல. இதே கரையில் கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் முஸ்லிம்களின் வாரிசுரிமைச் சட்டமோ அரை, கால், அரைக்கால் ஆகியவற்றோடு மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற பங்குகளையும் கேட்கிறது. முதல் மூன்றும் எண்சுவடிக்குள் அடங்கும். பின் மூன்றும் அடங்கா. பங்கு பிரிக்க மதரஸாவில் பொதுப் பகுதி எண் கண்டாக வேண்டும். ஒரே தெருவில் இரண்டு பின்னக் கணக்குகள் பக்கம் பக்கமாக வாழ்ந்தன என்று கொள்வதில் தவறில்லை. இன்று மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லித்தரும் வித்தை, இந்த ஊர்களில் சொத்துப் பிரிவினையின்போது பெரியவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆங்கிலக் கல்வி இங்கே முன்னதாகவே வந்தது. ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் 1785ஐ ஒட்டி இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளிக்கு வழிசெய்தார். அவர் பெயரில் அங்கே உயர்நிலைப்பள்ளி பிற்பாடும் நிலைத்தது. ஆனால் கணக்கின் அடித்தளத்தை மாற்றியது பாதிரியார் அல்லர், நாணயம். கும்பினியின் நட்சத்திர வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு. 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தபோது அதற்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. 192க்குள் மூன்று புகுந்துவிட்டது, ஐந்து வெளியேறிவிட்டது. ரூபாயில் ஒரு மா எவ்வளவு என்று கேட்டால் 9.6 பை என்று இடறும். மாகாணி மட்டும் ஓரணாவாகச் சரியாகப் பொருந்திற்று.

1855இல் சென்னை மாகாணத்தில் கல்வித் துறை அமைந்தது. 1860களின் பிற்பகுதியில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் என்ற ஏற்பாடு திண்ணைப் பள்ளிகளையும் தொட்டது. ஆய்வாளர் வந்து ரூபாய் அணா பைசாவைத்தான் கேட்பார். முந்திரியைக் கேட்க மாட்டார். வாத்தியாரின் வருமானம் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்சுவடி தடை செய்யப்படவில்லை, பயனற்றதாக்கப்பட்டது. இந்த வாய்பாட்டு மரபை விரிவாக ஆராய்ந்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு, அது வெறும் குருட்டு மனப்பாடம் அல்ல, நினைவையே கருவியாக்கிய கல்வி என்கிறார். அதை ஏற்கலாம். அதற்காகத் திண்ணையைப் பொற்காலமாக்கத் தேவையில்லை. பிரம்பு இருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் அதில் இடம் அநேகமாக இல்லை. ஏழில் இரண்டு என்பதை எழுதும் பொதுவான குறிமுறையும் அதனிடம் இல்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்ற புதிய எழுத்துமுறை எந்தப் பின்னத்தையும் ஏற்றுக்கொண்டது. அது உண்மையான லாபம்.

தசமம் இந்தக் கரைக்கு டெல்லியிலிருந்து வரும் முன்பே கடலுக்கு அப்பாலிருந்து வந்துவிட்டது. இலங்கை 1872இலேயே ரூபாயை 100 சதமாகப் பிரித்தது. இந்திய வெள்ளி ரூபாயும் அங்கே செல்லுபடியானது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும், ஒரே ரூபாய் இந்தப் பக்கம் பதினாறாகவும் அந்தப் பக்கம் நூறாகவும் உடைந்தது. எட்டணாவுக்கு 50 சதம், நாலணாவுக்கு 25 சதம். இதில் சிக்கல் இல்லை. ஓரணாவுக்கு ஆறேகால் சதம். அந்தக் கால் சதத்தை யார் விட்டுக்கொடுப்பது? அக்கரைக்குப் போய்வந்த கடைக்காரரும் கூலிக்காரரும் அன்றாடம் போட்ட இந்தக் கணக்கு எந்தச் சென்னைப் பாடநூலிலும் பயிற்சியாக வந்ததாகத் தெரியவில்லை. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், போர் தொடங்கிய 1939இல் புளியங்கொட்டை பொறுக்கி விற்று நாளுக்கு ஓரணா ஈட்டியதைத் தம் சுயசரிதையில் சொல்கிறார். சிறுவன் கையில் இருந்தது ரூபாயில் ஒரு மாகாணி. அதே காசு கடலைத் தாண்டினால் முழு எண்ணாக இருக்காது.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலும் ரூபாய் 100 நயா பைசாவானது. அதிகாரப்பூர்வ மாற்று அட்டவணைப்படி ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. ஓரணாவை மூன்று முறை தனித்தனியாகக் கொடுத்தால் 18, சேர்த்துக் கொடுத்தால் 19. தோராயம் என்றால் என்ன என்பதை நாடே ஒரே நாளில் கடையில் நின்று கற்ற தருணம் அது. அடுத்த ஆண்டிலிருந்து கிலோவும் லிட்டரும் மீட்டரும் படிப்படியாக வந்தன. மூன்று வெளியேறி, இரண்டும் ஐந்தும் மீண்டும் அடித்தளமாயின. கணித நோக்கில் இது கீழ்வாய் இலக்கத்தின் வீட்டுக்கே திரும்பியது. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த வாத்தியார்களின் தலைமுறை அதற்குள் போய்விட்டிருந்தது. 25 காசு நாணயம் 2011இல் செல்லாததான பின்பும் நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. மாவுக்கும் காணிக்கும் உரிய குறிகள் 2019இல் யூனிகோடில் இடம் பிடித்தன, வகுப்பறையில் அல்ல.

இன்றைய மாநிலப் பாடநூலில் தொடக்க வகுப்புகளில் பின்னம் வருகிறது. தசமமும் சதவீதமும் ஏழாம் வகுப்பில்தான் விரிகின்றன. வட்டத்தை வெட்டி நிழலிடும் பயிற்சியில் அரையும் மூன்றில் ஒன்றும் காலும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றில் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி, அரை, கால், அரைக்கால், ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்ற வரிசையில் முதலில் பயிற்சி தந்தால், நாலாம் வகுப்புப் பிள்ளையே இருபதில் ஒன்றை 0.05 என்றும் 5 சதவீதம் என்றும் எழுதிப் பார்க்கலாம். மூன்றும் ஒரே எண் என்பது தானே விளங்கும். மூன்றில் ஒன்று 0.333 என்று முடியாமல் போகும்போது அது ஏன் என்ற கேள்வியும் அப்போதுதான் எழும்.

சதவீதத்துக்கு இந்தக் கரையில் உதாரணம் தேட வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய மீனவரின் மீன் ஏலத்துக்குப் போகும்போது நூற்றுக்கு இவ்வளவு என்று கழிவு பிடிக்கப்படுகிறது. மூணு வட்டி என்றால் மாதம் 100 ரூபாய்க்கு மூன்று ரூபாய் என்பது பாம்பனிலும் மண்டபத்திலும் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளரும் பேச்சு. ஏழாம் வகுப்பின் தனிவட்டிக் கணக்கு ஆண்டு வீதத்தில் பேசுகிறது. வீட்டின் மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் பள்ளியின் 36 கிடைக்கும். வங்கி நகைக்கடனின் ஆண்டு வீதத்தை அதன் பக்கத்தில் எழுதினால் கணக்குப் பாடம் கடன் பேச்சாகிவிடும்.