எங்கள் கல்லூரிச் சந்தை: சில நினைவுகளும் ஒரு கணக்குக் கொப்பியும்

நூற்றாண்டு மலருக்கு எங்கள் வகுப்பும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று சங்கத்தின் செயலாளர் அக்கா கேட்டபோது, நல்ல தலைப்புகளை எல்லாம் மூத்தவர்கள் முன்னரே எடுத்துவிட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதி வாழ்க்கை, நாடகம் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியிருந்தது சந்தை. அதில் எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்நாளில் வகுப்புப் பொருளாளராக இருந்தவர் ஸ்காபரோவிலிருந்து நான்கு படங்களை அனுப்பினார். 1993ஆம் ஆண்டுச் சந்தையின் கணக்குக் கொப்பி அது. இரண்டு இடப்பெயர்வுகளையும் ஒரு கடல் கடந்த பயணத்தையும் தாண்டி அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. ஆகவே எழுதுகிறோம்.

பெண் பிள்ளைகள் பாடசாலையில் பொருள் செய்து விற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலம் முதல், பெண் கல்வியோடு தையலும் கூடவே வந்தது. குடாநாட்டின் மிஷன் பாடசாலைகளில் மாணவிகள் பின்னிய றேந்தையும் தைத்த மேசை விரிப்புகளும் ‘சேல்’ என்ற விற்பனை நாட்களில் காசாயின. தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவந்த பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏலத்தில் போயின. ஒரு தேசிக்காயை ஐந்து பேர் போட்டிபோட்டு விலையேற்றிய கதைகளை எங்கள் பேத்திமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சைவப் பக்கத்தில் பிடியரிசி இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டு, அதைச் சேர்த்துப் பாடசாலைக்குக் கொடுக்கும் வழக்கம் அது. நாவலர் காலத்துப் பாடசாலை முயற்சிகளோடு சேர்த்து அது இன்றும் பேசப்படுகிறது. இந்த இரண்டு வழக்கங்களிலும் பொருளைக் கொடுத்தது பெண்களின் கை. கணக்கு வைத்தது பெரும்பாலும் வேறு கை.

கணக்கை எல்லோரும் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் ஊருக்குள் வலுப்பட்டதில் கூட்டுறவு இயக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. 1911இல் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அதன் பின் குடாநாட்டில் ஊருக்கு ஊர் சங்கங்கள் எழுந்தன. 1930களில் மூளாயில் மக்கள் பங்கு போட்டு ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே உண்டாக்கினார்கள். எங்களில் மருத்துவம் படித்தவர்களுக்கு இது தனிப் பெருமை. யாழ் நகரிலே நாங்கள் நாட்டியமும் நாடகமும் பார்க்கப் போன வீரசிங்கம் மண்டபம், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் கூட்டுறவுத் தலைவராகவும் இருந்த வீ. வீரசிங்கம் அவர்களின் பெயரைத் தாங்கியது. ஒரு பாடசாலை அதிபர் சங்கக் கடைக் கணக்கையும் பார்த்தார் என்பதில் அந்தத் தலைமுறைக்கு எந்த அதிசயமும் இருக்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தபின் பாடசாலைகள் கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் ‘கார்னிவல்’ வைத்துக் காசு சேர்த்ததை மூத்த அக்காமார் எங்களைவிட நன்றாக எழுதுவார்கள். நாங்கள் எங்கள் காலத்துக்கு வருகிறோம்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டே மின்சாரமும் போனது. மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் என்று தடையிலோ கட்டுப்பாட்டிலோ இருந்த பொருட்களின் பட்டியல் நீண்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதால் சாமானும் சனமும் கிளாலிக் கடலால் வந்துபோயின. இந்த நிலையில் 1993இல் எங்கள் வர்த்தகப் பாட ரீச்சர் ஆண்டு 8 பிள்ளைகளுக்குச் சந்தை வைக்கப்போவதாகச் சொன்னபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. விற்பதற்கு என்ன இருக்கிறது? “இல்லாத நேரத்திலதான் விலை எண்டால் என்ன எண்டு விளங்கும், பிள்ளையள்” என்றார் ரீச்சர்.

வகுப்பில் 38 பேர். ஆளுக்குப் 10 ரூபா போட்டு 380 ரூபா முதல். கொப்பியின் முதற்பக்கத்தில் அது இருக்கிறது. கொண்டுவந்த சாமான்களின் பட்டியலும் இருக்கிறது: எள்ளுருண்டை, பயத்தம் பணியாரம், வடை, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், மோர், பனையோலைப் பெட்டி, ஜாம் போத்தல் விளக்கு. இந்த விளக்கை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருக்கும். சிறு திரியைக் கம்பியால் பிடித்துப் போத்தலுக்குள்ளேயே நிறுத்தியிருப்போம். காற்றுக்கு அணையாது, எண்ணெய் அதிகம் குடிக்காது. எங்களில் பலர் சாதாரண தரத்துக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். கண்ணாடி போட்டிருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் குற்றம் சொல்கிறார்கள், மருத்துவர்கள் என்ற முறையில் எங்களுக்கு அதில் முழு உடன்பாடில்லை.

நன்றாக விலைபோன இன்னொன்று கொப்பி. பழைய கொப்பிகளில் எழுதாமல் மீந்த ஒற்றைகளைக் கழற்றி, ஊசி நூலால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக்கினோம். 40 கொப்பி 20 நிமிடத்தில் முடிந்தது.

ஒரு மேசைக்கு மட்டும் பெயர்ப்பலகை இல்லை. மனையியல் அறையில், திரைக்குப் பின்னால் இருந்தது. பழைய பருத்தி வேட்டிகளை அவித்து, வெயிலில் காயவிட்டு, மடித்துத் தைத்த மாதவிடாய்த் துணிகள் அங்கே இருந்தன. கடையில் வாங்கக்கூடியவை அந்நாட்களில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கைக்கு எட்டாது. பல பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் பாடசாலைக்கு வராமல் நின்றார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு விலை வைப்பதா என்று வகுப்பில் பெரிய சண்டை. “இது அவசியமான சாமான், இதுக்குக் காசு வாங்கிறது பாவம்” என்றது ஒரு கட்சி. “சும்மா குடுத்தால் வெக்கப்பட்டு எடுக்கமாட்டினம்” என்றது மறு கட்சி. கடைசியில் ஒரு ரூபா என்று முடிவாயிற்று. காசில்லாதவர்களுக்குக் கடன். அதிபரும் கணக்கைப் பார்ப்பார் என்ற கூச்சத்தில் கொப்பியில் அதற்கு ‘நாடா’ என்று பெயர் வைத்தோம். போன மாதம் படத்தைப் பார்த்த ஒருவர், “ஒரே நாளில் 64 நாடா வித்திருக்கிறமே, ஆர் அவ்வளவு தலை பின்னினது?” என்று கேட்டார். பொருளாளர் விளக்கம் சொன்னபின் ரொறன்ரோ, சிட்னி, கொழும்பு எல்லாம் சேர்ந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தன.

பதினொரு மணியளவில் விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். அரை மணி கழித்து வெளியே வந்தபோது, ஆளில்லாமல் கிடந்த மேசைகளில் ஒரு சதமும் குறையவில்லை. வடை மட்டும் குறைந்திருந்தது. மதிலில் காகங்கள் இருந்தன. கொப்பியில் அது ‘சேதம் – வடை 17’ என்று பதிவாகியிருக்கிறது.

மாலையில் கணக்குப் பார்த்தோம். இலாபம் 214 ரூபா. கைதட்டல் அடங்கமுன் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: “ரீச்சர், எங்கட அம்மா ரெண்டு இரவு நித்திரை கொள்ளாமல் எள்ளு இடிச்சவ. அதை எதுக்குள்ள போடுறது?” நாங்கள் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை. வெங்காயம் கிண்டப் போகும் பெண்ணுக்கு அந்நாளில் கொடுத்த நாட்கூலியை எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் இடித்தது, அரைத்தது, தைத்தது எத்தனை மணித்தியாலம் என்று கேட்டுக் கேட்டுக் கரும்பலகையில் போட்டார். கூலி 390 ரூபா வந்தது. இலாபம் 214 ரூபா, 176 ரூபா நட்டமாயிற்று. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. பொருளாளர் அந்தக் கணக்கை மையால் எழுதாமல் பென்சிலால் எழுதியிருக்கிறார். படத்தில் மங்கலாகத்தான் தெரிகிறது.

அடுத்த பாடம் 1994இல். முதல் ஆண்டு அனுபவத்தில் எங்களுக்குத் துணிவு வந்துவிட்டது. ஆண்டு இறுதிச் சந்தைக்கென்று ஆடி மாதமே மெழுகுதிரியும் சவர்க்காரமும் வாங்கி, வகுப்பு அலுமாரியில் பூட்டி வைத்தோம். விலை மாதாமாதம் ஏறுகிற காலம். வைத்திருந்தால் காசு என்பது எங்கள் கணக்கு. ஓகஸ்டில் தேர்தல் நடந்தது. புதிய அரசு தடைப் பட்டியலைக் குறைத்தது. ஒக்ரோபரில் பேச்சுவார்த்தைக்கு அரச தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தபோது சனம் திரண்டு நின்று பார்த்தது. நாங்களும் நின்றோம், கையசைத்தோம். வீடு திரும்பும் வழியில் கடையில் சவர்க்கார விலையைக் கேட்டோம். எங்கள் கொள்விலையில் பாதிகூட இல்லை.

சமாதானம் வந்ததற்காகச் சந்தோஷப்படுவதா, அலுமாரிச் சாமானுக்காக அழுவதா என்று தெரியாத நிலை அது. இதைக் கேட்டு எங்களில் ஒருத்தியின் தகப்பனார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மிளகாய்த் தோட்டக்காரர். 1970இலிருந்து 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டுத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் வெளிநாட்டுச் சாமான் வந்து விலை விழுந்தது. “நாங்கள் அப்ப பட்டது இதுதான் பிள்ளையள். கதவு பூட்டியிருக்க வாற இலாபம் கதவு திறக்கப் போயிடும்” என்றார். அந்தச் சவர்க்காரத்தை நாங்களே பங்கு போட்டுக் குளித்தோம்.

1995 சித்திரையில் சண்டை மீண்டும் மூண்டது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. அந்த மழையையும் நாவற்குழிப் பாலத்து நெரிசலையும் இந்த மலரில் வேறு சிலரும் எழுதியிருப்பார்கள். எங்கள் விடயத்துக்குரியது ஒன்றை மட்டும் சொல்கிறோம். தென்மராட்சியில் ஒரு தெருவில் குடிதண்ணீரைப் போத்தல் கணக்கில் காசுக்கு வாங்கினோம். அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் படலையைத் திறந்துவைத்து, வாளியையும் கயிற்றையும் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு ஒரு ஆச்சி திண்ணையில் இருந்தா. ‘நாடா’வுக்கு விலை வைப்பதா என்று சண்டை போட்டவர்களில் இருவர் அந்தக் கிணற்றடியில்தான் ஒருவரையொருவர் மீண்டும் கண்டார்கள். பொருளாளர் அப்போதும் புத்தகப்பையில் பிறப்புச் சான்றிதழோடு அந்தக் கொப்பியையும் வைத்திருந்தார். வகுப்புக் காசு 41 ரூபா 50 சதம் அவரிடம் மிச்சம் இருந்தது. ஒப்படைக்காமல் கணக்கை எறியமுடியாது என்பது அவருடைய நியாயம்.

பென்சிலால் எழுதிய அந்தப் பக்கம் பல ஆண்டுகளுக்குப் பின்தான் எங்களுக்குத் திரும்பவும் நினைவுக்கு வந்தது. 2009க்குப் பின், ஏ9 வீதி திறந்து நிதி நிறுவனங்கள் வடக்குக்குப் படையெடுத்தன. கணவரை இழந்த, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்குக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் கொடுத்தார்கள். வாராவாரம் கட்டவேண்டும், ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். எங்களில் வைத்தியசாலைகளில் வேலை செய்பவர்கள் அதைக் கிளினிக்கில் கண்டோம். என்ன மருந்து கொடுத்தும் இறங்காத இரத்த அழுத்தம், நித்திரையின்மை, கடன் கட்டும் நாளில் மட்டும் வரும் நெஞ்சுநோ. சில வேளைகளில் அதைவிட மோசமானதையும் அவசர சிகிச்சைப் பிரிவில் கண்டோம். விசாரித்தால், இடியப்பம் அவித்து விற்கிறேன், இலாபம்தான், ஆனால் காசு நிற்குதில்லை என்பார்கள். விடிய மூன்று மணிக்கு எழும்புகிற அந்த உடம்புக்குக் கணக்கில் ஒரு சதமும் போடப்பட்டிருக்காது. போட்டுப் பார்த்தால், கடன் வட்டியைக் கட்டுவது அந்தப் பெண்ணின் நித்திரை என்பது தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. சிலருக்கு அது மூச்சுவிட உதவியது. அதற்கு மேலே கடன்பட்டிருந்தவர்கள் தொடர்ந்து கிளினிக்குக்கு வந்தார்கள்.

கல்லூரிச் சந்தை இப்போதும் நடக்கிறது. ‘வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்’ படிக்கும் பிள்ளைகள் நடத்துகிறார்கள். நெல்லிக்கிரஷ், காளான், துணிப்பை என்று மேசைகள் நிறைந்திருக்கின்றன. அண்மையில் பழைய மாணவிகளான எங்களில் மூவரை நடுவர்களாக அழைத்தார்கள்: ஒரு கணக்காளர், ஒரு வங்கி அலுவலர், ஒரு மருத்துவர். பீற்றூட் விற்ற பிள்ளை தன் அறிக்கையில், பொதுச் சந்தையில் தன் அப்பப்பா 100 கிலோ கொண்டுபோனால் 90 கிலோவுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள், 10 கிலோ ‘கழிவு’ என்று எடுக்கிறார்கள், தன் மேசையில் அந்தக் கழிவு இல்லை என்று எழுதியிருந்தாள். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, “அன்ரி, அந்தப் பத்துக் கிலோ ஆற்ர கணக்கில போகுது?” என்று கேட்டாள். குடாநாட்டுத் தோட்டக்காரர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலாம் பரிசை அவளுக்குக் கொடுத்தோம். பதில் சொல்லவில்லை.

அவளுடைய கூலி நிரலில் அம்மாவின் பெயரும் மணித்தியாலமும் இருந்தன. மையால் எழுதியிருந்தாள்.

எங்கள் 41 ரூபா 50 சதம் பற்றிய விவாதம் குழுவில் இன்னும் முடியவில்லை. அதே தொகையை ஒப்படைப்பதா, 30 வருட வட்டியோடா, இன்றைய மெழுகுதிரி விலைப்படியா என்று மூன்று கட்சி. முடிவு வரும் வரை கொப்பி ஸ்காபரோவில்தான் இருக்கும் என்று பொருளாளர் அறிவித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் கடன் பட்டியல் ஒன்றும் இருக்கிறதாம், பதினொரு பெயர். அதில் இருவர் இன்று எங்களோடு இல்லை. மற்ற ஒன்பது பேரும் இதை வாசித்தால், மோருக்கோ நாடாவுக்கோ என்று கேட்டு எழுதுங்கள்.