விறாந்தையை வெட்ட வேண்டாம்

நமது பாடசாலையின் புதிய கட்டட வரைபடத்தில், செலவைக் குறைக்க விறாந்தையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். அதனால் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

மாத்தறை, வெல்லமடமவில் உள்ள ருகுணுப் பல்கலைக்கழகத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1980களில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த வளாகம் அது. குன்றுகளின் ஏற்ற இறக்கத்தோடு கட்டடங்களைப் பொருத்தினார். வெயிலின் தாக்கம் குறையவும் கடற்காற்று ஊடே போகவும் அவற்றின் திசையைத் தீர்மானித்தார். விறாந்தைகள், முற்றங்கள், கூரையிட்ட நடைபாதைகள், நன்றாக வெளியே நீண்ட கூரைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

"மாடிக் கட்டடத்துக்கு இது சரிவராது" என்பீர்கள். அதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக அவர் வடிவமைத்த பல மாடி அலுவலகமும் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியே திட்டமிடப்பட்டது.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. உம்மம்மா வீட்டு முற்றமும் திண்ணையும் செய்த வேலைதான்.

விறாந்தை வீண் இடமல்ல. அது வெயிலையும் சாரலையும் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் சன்னலைச் சாத்த வேண்டும். பிறகு மின்விசிறி, மின்விளக்கு, மாதாமாதம் கட்டணம். கட்டும்போது மிச்சம் பிடிப்பதைப் பிள்ளைகள் பல வருடங்கள் வியர்வையில் கட்டுவார்கள்.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பெற்றோர்கள் அவசியம் வாருங்கள்.