கண்ணீரை அளந்த கதை



"கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரி உறுத்துது மகன்" என்று உம்மாமார் சொல்லி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பார்த்தால் கண்ணால் தண்ணீர் வடியும். வைத்தியரோ கண் உலர்வு நோய் என்பார். தண்ணீர் வடிகின்ற கண் எப்படி உலர்ந்த கண்ணாகும் என்று நாம் சிரிப்போம். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து எரியும்போது அந்த எரிச்சலே கண்ணீரைக் கொட்ட வைக்கிறது. கொட்டுகிற நீர் கண்ணில் தங்குவதில்லை. இந்தக் குழப்பமான நோயை எப்படி அளப்பது என்பதற்கு நூறு வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1903இல் ஜேர்மன் கண் வைத்தியர் ஒட்டோ ஷிர்மர் அதற்கு ஒரு வடிதாள் துண்டைப் பயன்படுத்தினார். அதன் நுனியை மடித்துக் கீழ் இமையில் மாட்டி, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை. 5 நிமிடத்தில் 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சந்தேகம்; 5க்கும் குறைந்தால் சந்தேகம் பலமாகும். இன்றும் இதைச் செய்கிறார்கள். மலிவானது, ஆனால் கடதாசி பட்டாலே சிலருக்குக் கண் கலங்கிவிடும். இன்று ஓர் அளவு வரும், நாளை வேறு வரும்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ஷோக்ரனின் கதைதான் எமக்கு மனதில் நிற்கிறது. 1930இல் அவரிடம் ஒரு பெண் வந்தார். கண் காய்கிறது, வாய் காய்கிறது, மூட்டெல்லாம் நோவு. மூன்றும் ஒரே நோயாக இருக்குமோ என்று அவர் தேடத் தொடங்கினார். 19 பெண்களைப் பரிசோதித்தார்; அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதம். ரோஸ் பெங்கால் என்ற சிவப்புச் சாயத்தைக் கண்ணில் இட்டு, சேதமான இடங்களைக் கண்டார். 1933இல் ஸ்டொக்ஹோமில் ஆய்வைச் சமர்ப்பித்தார். கிடைத்த தரம் பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்குப் போதவில்லை! பத்து வருடங்களின் பின் அவுஸ்திரேலியாவில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று அந்த நோய்க்கே அவருடைய பெயர்.

கண்ணீரில் எண்ணெயும் உண்டு. இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளை 1666இலேயே ஹைன்ரிக் மைபோம் விவரித்திருந்தார். எண்ணெய் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். 2008இல் ஜப்பானிய வைத்தியர் ரெய்கோ அரிட்டாவின் குழு, இமையைப் புரட்டி, கருவி கண்ணில் படாமலேயே அகச்சிவப்புக் கதிரால் இந்தச் சுரப்பிகளைப் படம் பிடித்தது. நல்ல சுரப்பிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அழிந்த இடம் வெறுமையாக இருக்கும்.

அந்தப் படங்களைத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு வாசிக்கிறது. 2019இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தினர், மனிதர்கள் கையால் குறித்துக் கொடுத்த 700க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கிச் சோதித்தார்கள். அழிவின் தரத்தை அது 95 வீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. ஒரே படத்துக்கு இரண்டு வைத்தியர்கள் இரண்டு தரம் கொடுப்பதுண்டு என்பதால் இது சிறிய விடயமல்ல.

ஆனால் அது அளந்தது சுரப்பிகளின் அழிவை. இந்த நோயில் படமும் வேதனையும் பல தடவை ஒத்துப்போவதில்லை. படம் சுத்தமாக இருக்கும், உம்மா இரவெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார். அன்று அந்தப் பெண்ணின் வாயும் மூட்டும் இமைப் படத்தில் தெரிந்திருக்காது. அவர் சொன்னார், ஷோக்ரன் கேட்டார்.

எனவே உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவர்கள், வாய் காய்வதையும் மூட்டு நோவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.