கட்டைவிரலில் கல், மூன்று விரல்களில் செந்தோல்

நாண் இழுக்கும் கையைப் பற்றி இன்று யார் எழுதினாலும் 1885இல் அமெரிக்காவின் சேலம் நகரிலிருந்து வெளிவந்த ஒரு கட்டுரையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. எழுதியவர் எட்வர்டு மோர்ஸ். அடிப்படையில் விலங்கியலாளர். 1877இல் ஜப்பானுக்குப் போய் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். ஓமோரி சிப்பி மேட்டை அகழ்ந்து அந்நாட்டுத் தொல்லியலுக்கு வழி திறந்தவர். அம்பு விடும் முறைகளைத் திரட்டும் வேலையை வெறும் ஆர்வத்தில் தொடங்கினாலும், கடைசியில் அவர் உருவாக்கியது ஒரு முழுமையான வகைப்பாடு. அம்பின் அடியைக் கட்டைவிரலும் மடக்கிய ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிப்பது முதல்நிலை முறை. அந்தக் கிள்ளலுக்கு மற்ற விரல் நுனிகள் நாணில் துணை சேர்வது இரண்டாம், மூன்றாம் நிலைகள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றால் நாணை இழுப்பது மத்தியதரை முறை. கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டி, அதன்மேல் ஆள்காட்டி விரலைப் பூட்டுவது மங்கோலிய முறை.

1927இல் ஆல்ஃபிரட் குரோபர் உலகப் பரவலை மறுபடி ஆராய்ந்தபோதும் இந்த ஐந்தையே அடித்தளமாகக் கொண்டார். அருங்காட்சியகக் குறிப்புகள் இன்றும் இவற்றையே பின்பற்றுகின்றன. தோலுறை கிடைத்தால் மூன்று விரல் இழுப்பு. கல்லிலோ கொம்பிலோ செய்த மோதிரம் கிடைத்தால் கட்டைவிரல் இழுப்பு. கருவியைப் பார்த்துக் கையை ஊகிக்கும் இந்த வழக்கம் மோர்ஸின் பட்டியலில் இருந்து கிளைத்தது.

மோர்ஸின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. எகிப்தியச் சுவரோவியங்களையும் அசிரியப் புடைப்புச் சிற்பங்களையும் விரல் விரலாகப் பார்த்தவர் அவர். ஒரே நாட்டில் காலத்துக்குக் காலம் முறை மாறியதையும் அவரே காட்டினார். ஆனால் ஒரு கைக்கு ஒரு முறை என்ற எண்ணத்தை மட்டும் அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அந்த எண்ணம்தான் சீனத்துப் பழஞ்சான்றுகளின் முன் நிற்க மறுக்கிறது.

அவற்றுள் முதன்மையானது 'யீலி' என்னும் சடங்கு நூலின் ஒரு சிறு பகுதி. அந்நூலில் இரண்டு வில் விழாக்கள் விரிவாக வருகின்றன. ஒன்று ஊர்ப்புற விழா, மற்றொன்று அரசன் கலந்துகொள்ளும் பெருவில் விழா. ஊர்ப்புற விழாவில் எய்பவர் இடது தோளைத் திறந்துவிட்டு, வலக் கட்டைவிரலில் 'ஜூவெ' என்ற நாண் பற்றும் கருவியை அணிகிறார். இடது முன்கையில் 'சுய்' என்ற தோற்பட்டையைக் கட்டுகிறார். இதுவரை எல்லாம் மோர்ஸ் எதிர்பார்ப்பதுபோலவே இருக்கிறது. பெருவில் விழாவில் அரசனின் முறை வரும்போதுதான் காட்சி மாறுகிறது. உதவியாளர் ஒருவர் கருவிகளை மூங்கில் பேழையில் ஏந்தி வருகிறார். அரசனின் கட்டைவிரலில் ஜூவெயை மாட்ட உதவுகிறார்கள். அதன்பின் மூன்று 'ஜீ' அணிவிக்கப்படுகின்றன. அவற்றின் நிறம் சிவப்பு.

ஜீ என்பது என்ன? கிழக்கு ஹான் காலத்து உரையாசிரியர் ஜெங் ஷுவான் (127–200) தெளிவாகவே விளக்குகிறார். விரலை மூடுவதற்கும் நாண் தடையின்றி விடுபடுவதற்குமான உறை அது. சிவப்பு நிறப் பதனிட்ட தோலால் ஆனது. மூன்றும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரியவை. சுண்டுவிரல் குட்டையானது, அதற்கு வேலை இல்லை. உறை இல்லாவிட்டால் விடும்போது நாண் இந்த விரல்களைக் கடிக்கும், பலமுறை எய்தால் வலிக்கும் என்றும் சேர்க்கிறார். விரல் நோவு, நாண் வழுக்கி விடுபடுதல் ஆகிய இரண்டு தேவைகளையும் ஒரே மூச்சில் சொல்லும் உரை இது. இன்றைய விரலுறை தயாரிப்பாளரும் தம் சரக்கைப் பற்றி இவ்விரண்டையும்தான் சொல்வார்.

ஆக, ஒரே கையில் கட்டைவிரல் கருவியும் மூன்று விரல்களுக்கான தோலுறைகளும் இருக்கின்றன. மோர்ஸின் பட்டியலில் முதலாவது மங்கோலிய முறைக்கு உரியது, இரண்டாவது மத்தியதரை முறைக்கு உரியது. அரசன் எப்படி இழுத்தான்?

மூன்று விடைகள் சாத்தியம். அரசன் சில நேரம் கட்டைவிரலாலும் சில நேரம் மூன்று விரல்களாலும் இழுத்திருக்கலாம். சடங்கு இரண்டுக்கும் ஆயத்தம் செய்தது. இது ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. கட்டைவிரலால் இழுத்தால் அம்பு வில்லின் வலப்பக்கம் அமரும், மூன்று விரலால் இழுத்தால் இடப்பக்கம் அமரும். ஒரே விழாவில் அரசன் இடையில் கைமாற்றுவதாக நூலில் எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டாவது விடை, உறைகள் வெறும் அலங்காரம் என்பது. சிவப்பு நிறம் இதற்கு ஆதரவு தருகிறது. ஆனால் ஜெங் ஷுவான் வலியைப் பற்றிப் பேசுகிறார். அலங்காரத்துக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. மூன்றாவது, இக்கட்டுரை முன்வைப்பது: நாணை இழுத்தது கட்டைவிரல், ஆனால் அதைப் பூட்டிப் பிடித்தது ஒரு விரல் அல்ல, மூன்று விரல்கள். விடும் கணத்தில் நாண் அந்த மூன்றையும் உரசிக்கொண்டு போகும். அதற்காகவே ஜீ.

இதற்கு நேர்ச் சான்று கிடையாது, துணைச் சான்று உண்டு. ஜப்பானிய வில்லாளர்கள் அணியும் 'யுகாகெ' கையுறையில் கட்டைவிரல் பகுதி கொம்போ மரமோ உள்ளே வைத்து இறுக்கப்பட்டது. அதன் அடியில் நாண் சிக்கி நிற்க ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். கையுறை ஒரே வகை அல்ல. 'மித்ஸுகாகெ' கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் மூடுவது. 'யோத்ஸுகாகெ' மோதிர விரலையும் சேர்த்து நான்கு விரல்களை மூடுவது. அதில் கட்டைவிரலை அழுத்திப் பிடிப்பது மோதிர விரல். சுண்டுவிரல் வெறுமையாகவே இருக்கும். கட்டைவிரலுக்குக் கடினமான பொருள், மூன்று விரல்களுக்கு மென்தோல், சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை: ஜெங் ஷுவான் சொன்ன பட்டியல், துண்டுகள் ஒன்றாகத் தைக்கப்பட்டு, அப்படியே இங்கே இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இங்கே வாதிடவில்லை. ஒரே கையால் இப்படியும் இழுக்க முடியும், அதற்கு இப்படிப்பட்ட உறை தேவைப்படும் என்பது மட்டுமே யோத்ஸுகாகெ தரும் பாடம். மோர்ஸ் ஜப்பானில் இருந்தவர், ஜப்பானிய முறையைக் கண்ணால் கண்டவர். ஆயினும் அதை மங்கோலிய முறையின் ஒரு வடிவமாகச் சேர்த்துக்கொண்டு, பூட்டும் விரல்களின் எண்ணிக்கையைச் சிறு வேறுபாடாக ஒதுக்கியது அவர் வகைப்பாட்டின் பெரிய குறை. நாணின் சுமை எந்த விரலில் இறங்குகிறது என்பதே உறையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

யீலியின் காலம் பற்றிய சிக்கலை மறைக்க வேண்டியதில்லை. 1959இல் கன்சு மாகாணத்தின் வூவெய் அருகே ஹான் காலக் கல்லறையில் எடுக்கப்பட்ட எழுத்துச் சட்டங்களில் பெருவில் விழா அத்தியாயமும் இருக்கிறது. எனவே அத்தியாயம் அப்போது வழக்கில் இருந்தது உறுதி. அதற்கு எவ்வளவு காலம் முன்பு அந்தச் சடங்கு உருவானது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கட்டைவிரல் கருவியின் பழமைக்கோ நூலையே நம்பியிருக்க வேண்டிய நிலை 1976இல் நீங்கிவிட்டது.

அந்த ஆண்டு அன்யாங்கில் அகழப்பட்டது பூ ஹாவ் என்ற அரசியின் கல்லறை. ஷாங் அரசன் வூ டிங்கின் மனைவி; படை நடத்தியவள் என்று எலும்புப் பொறிப்புகள் பேசும் பெண். காலம் ஏறத்தாழ கி.மு. 1200. அங்கே கிடைத்த 700க்கு மேற்பட்ட ஜேட் கல் பொருள்களில் ஒன்று கட்டைவிரல் மோதிரம். உயரம் நான்கு செ.மீ. கூட இல்லை. அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் சரிவாக வெட்டப்பட்டு முன்புறம் உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் இருக்கிறது. முன்புறத்தில் விலங்கு முகம் ஒன்று செதுக்கப்பட்டு, அதற்குக் கீழே இரண்டு சிறு துளைகள். பின்புறத்தில் குறுக்காக ஒரு பள்ளம்.

கண் அந்த விலங்கு முகத்தில்தான் முதலில் போய் நிற்கும். ஆராய்ச்சிக்கு உதவுவது பள்ளமும் துளைகளும். பள்ளம் நாண் அமர்வதற்கு. துளைகளில் கயிறோ வாரோ கோத்து மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும். கி.பி. 100இல் தம் அகராதியை முடித்த ஷூ ஷென், 'ஷெ' என்ற கருவியை விளக்கும்போது, நாணைப் பற்றுவதற்கானது, யானைத் தந்தத்தால் ஆனது, தோல்வாரால் கட்டப்படுவது, வலக் கட்டைவிரலில் அணிவது என்று குறிக்கிறார். பூ ஹாவின் காலத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பிந்திய எழுத்து, அந்தத் துளைகளின் பயனை விளக்கிவிடுகிறது. மங்கோலியர் என்ற பெயர் வரலாற்றில் தோன்றுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த முறை மஞ்சள் ஆற்றுப் படுகையில் முதிர்ந்திருந்தது.

மோதிரம் அணிகலனாக மாறியதும் உண்மை. மேற்கு ஹான் காலத்தில் ஷெயின் வடிவம் தட்டையான ஜேட் பதக்கமாகிவிட்டது. மன்செங்கில் லியூ ஷெங் இளவரசனின் கல்லறையிலும், குவாங்சோவில் 1983இல் கண்டெடுத்த நான்யூ அரசனின் கல்லறையிலும் அத்தகைய பதக்கங்கள் கிடைத்தன. அவற்றை மாட்டி எவரும் எய்ய முடியாது. ஷாஜகானின் பட்டப்பெயர் பொறித்த, 1630களின் முற்பகுதியைச் சேர்ந்த ஜேட் மோதிரம் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் அரச சின்னமாகவே பேணப்பட்டது. ஆனால் பூ ஹாவின் மோதிரத்தில் உள்ள பள்ளம், அதை இந்த வரிசையில் சேர்க்கவிடாது. அலங்காரத்துக்கு அந்த இடத்தில் பள்ளம் வேண்டியதில்லை.

அன்யாங்கில் தோலுறை கிடைக்கவில்லை என்பதை வைத்து அங்கே தோலுறை இல்லை என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. கல் தங்கும், தோல் மக்கும். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் தோலாலான முன்கைப் பட்டைகள் மிஞ்சின. காற்று புகாத கடற்சேறு அவற்றைக் காத்தது. அதே 1545இல் வெளிவந்த ரோஜர் ஆஸ்கமின் வில்வித்தை நூல், விரலுறையின் முதல் பயன் விரல் நோகாமல் காப்பது, அதனால் வில்லாளன் தன் முழு பலத்தையும் காட்ட முடியும் என்கிறது. ஜெங் ஷுவானின் காரணமும் இதுவே. அன்யாங் மண்ணுக்கு அந்தச் சேற்றின் குணம் இல்லை. கல்லை மட்டும் எண்ணி வரலாறு எழுதினால் பாதிக் கை விடுபட்டுப்போகும்.

இந்தியச் சான்றும் மோர்ஸின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. இதிகாச வீரர்கள் போருக்குப் புறப்படும்போது உடும்புத் தோல் கைப்பட்டையும் 'அங்குலித்ராணம்' என்ற விரல் காப்பும் கட்டிக்கொள்வதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. விசுவாமித்திரருடன் செல்லும் இராம இலக்குவரின் கோலமும் அதுவே. நூல்கள் சொல்வது விரல் காப்பு. கட்டைவிரலுக்கென்று தனி மோதிரம் அங்கே பேசப்படவில்லை. ஆனால் ஏகலைவன் கதையில் துரோணர் கேட்பது வலக் கட்டைவிரலை. அதைப் பிடித்துக்கொண்டு, பண்டை இந்தியாவில் கட்டைவிரல் இழுப்பே இருந்தது என்று எழுதுபவர்கள் பலர்.

ஆதிபர்வத்தில் அந்த நிகழ்ச்சியை அடுத்து வரும் செய்தியை அவர்கள் கவனிப்பதில்லை. விரலை இழந்தபின் ஏகலைவன் மற்ற விரல்களால் நாணை இழுத்து எய்தான். முன்பிருந்த வேகம் மட்டும் இல்லை. அதாவது நூலாசிரியர் இரண்டு வகை இழுப்பையும் அறிந்திருக்கிறார், அவற்றின் வேகத்தையும் ஒப்பிடுகிறார். முன்பு அவன் பயன்படுத்தியது கட்டைவிரல் கொக்கியா, கிள்ளிப் பிடிக்கும் முறையா என்பதை இதை வைத்துத் தீர்மானிக்க இயலாது. கிள்ளுவதற்கும் கட்டைவிரல் வேண்டும். அங்குலித்ராணம் எத்தனை விரல்களை மூடியது என்பதும் இதிகாசங்களில் துலங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: விரல் காப்பு என்ற சொல்லைக் கண்டதும் மத்தியதரை முறை என்று முத்திரை குத்த இடமில்லை.

எதிர்த்திசையிலும் இது பொருந்தும். மொராக்கோவில் 1500 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் அரபு வில்நூல் ஒன்றை ஃபாரிஸும் எல்மரும் 1945இல் ஆங்கிலத்தில் தந்தார்கள். அது கட்டைவிரல் இழுப்பைக் கற்பிப்பது. அதற்குத் தோலால் செய்த கட்டைவிரல் உறையை விவரிக்கிறது. ஆகவே தோல் கிடைத்தால் மூன்று விரல் என்ற சூத்திரமும் செல்லாது. தென் கொரியாவில் இன்றும் மரபு வில்லாளர்கள் 145 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை எய்யக் கட்டைவிரலில் 'கக்ஜி' என்ற கொம்பு மோதிரத்தை மாட்டுகிறார்கள். அதே நாட்டுப் பெண்கள் அணி, 1988இல் அணிப் போட்டி தொடங்கியதிலிருந்து 2024 வரை எல்லா ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது மூன்று விரல்களுக்கான தோல் தகட்டை அணிந்து. ஒரு மக்களுக்கு ஒரு முறை என்ற எண்ணத்தை மறுக்க இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை.

தீராத கேள்வி அரசனின் உறைகளைப் பற்றியது. யீலியில் ஜீ அரசனுக்கு மட்டுமே சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு அது மறுக்கப்பட்டதா, அல்லது எல்லோரும் அணிந்தது அரசனின் கையில் மட்டும் சடங்காக மாறியதால் பதிவானதா? நிறம் மட்டுமே அரச உரிமை, உறை பொது என்ற வாசிப்பின் பக்கமே இக்கட்டுரை சாய்கிறது. வலிக்கும் என்று ஜெங் ஷுவான் சொல்வது அரசனின் விரலுக்கு மட்டும் பொருந்தும் காரணம் அல்ல. சாதாரண வீரனின் கல்லறையில் வலக்கை விரல் எலும்புகளோடு ஒட்டிய தோல் எச்சம் ஒன்று, சாயம் இல்லாமல், கிடைக்கும்வரை இது ஊகமாகவே நிற்கும்.