தீர்க்கதரிசிகளின் புத்திரர்: பனூ இஸ்ராயீலரின் ஒரு கல்வி மரபு

பழைய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பில் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தை வாசிப்போர் ‘தீர்க்கதரிசிகளின் புத்திரர்’ எனப்படும் ஒரு கூட்டத்தாரைப் பன்முறை சந்திப்பர். பெத்தேலில் அவர்கள் இருக்கின்றனர், எரிகோவில் இருக்கின்றனர், கில்காலில் ஒன்றுகூடி அமர்ந்திருக்கின்றனர். இவர்கள் நபிமார்கள் பெற்ற மக்கள் அல்லர். ஹீப்ரு மூலத்தில் இத்தொடர் ‘பெனே ஹன்னெபீயீம்’ என்றுள்ளது. செமித்திய மொழிகளில் ‘பென்’, ‘இப்னு’ ஆகிய சொற்கள் குருதி உறவை மட்டும் குறிப்பன அல்ல. ஒன்றைச் சார்ந்திருப்பவனையும் குறிக்கும். வழிப்போக்கனை அரபு மொழி ‘இப்னுஸ் ஸபீல்’ என்று வழங்குவது நாம் அறிந்ததே. ஆகவே நபிமார்களைச் சார்ந்து வாழ்ந்தோர், அவர்தம் மாணாக்கர் என்பதே இத்தொடரின் பொருள். ஹீப்ரு வேதத்தின் அரமேய மொழிபெயர்ப்பாகிய யோனத்தான் தர்கூமும் ‘நபிமார்களின் மாணவர்கள்’ என்றே இதனைப் பெயர்த்துள்ளது.

பிற்காலக் கிறித்தவ அறிஞர்கள் இக்கூட்டத்தாரின் அமைப்புக்கு ‘தீர்க்கதரிசிகளின் பள்ளி’ என்று பெயரிட்டனர். அப்பெயர் மூலத்தில் எங்கும் இல்லை. எனினும் அது நிலைபெற்றுவிட்டது. நிலைபெற்ற பெயரிலிருந்து ஒரு முடிவும் பிறந்தது: பள்ளி இருந்ததெனில் பாடம் இருந்திருக்கும், பாடம் இருந்ததெனில் பயின்று தேறியவர் நபியாகியிருப்பர், எனவே நபித்துவம் என்பது முயன்று பெறத்தக்க ஒரு தகுதியே. இது நம் அகீதாவின் அடித்தளத்தைத் தொடும் வினாவாகும். நபித்துவம் உழைப்பால் எய்தத்தக்கதாயின் இறுதி நபித்துவம் பற்றிய திருமறையின் அறிவிப்பு (33:40) பொருளற்றதாகிவிடும். உழைப்போர் எக்காலத்தும் இருப்பரன்றோ?

நம்மவரில் சிலர் இதற்கு மறுமொழியாக, அவ்வேட்டுப் பகுதிகள் யாவும் ‘தஹ்ரீஃப்’ எனக் கூறி ஒதுக்கிவிடுவர். அது எளிய வழி, ஆராய்ச்சி வழியன்று. வேதக்காரர் உரைப்பவற்றை மெய்யென்றும் ஏற்காது, பொய்யென்றும் தள்ளாதிருக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தமை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த வரம்பினுள் நின்று, அவ்வேடுகள் தாமே இம்மாணாக்கரைக் குறித்து என்ன சொல்கின்றன என்று நோக்குவோம்.

தொடக்கம் சாமுவேலின் காலம், கி.மு. 11ஆம் நூற்றாண்டு. தாலூத்தை மன்னராக அறிவித்த நபியைத் திருமறை (2:246, 247) பெயர் சுட்டாது குறிப்பிடுகிறது. தபரீ, இப்னு கஸீர் முதலிய விரிவுரையாளர்கள் அவர் ஷம்வீல், அதாவது சாமுவேல் என்னும் கூற்றை எடுத்துரைத்துள்ளனர். சாமுவேலின் முதலாம் புத்தகம் 10ஆம் அதிகாரத்தில், யாழும் பறையும் குழலும் முழங்க மேட்டிலிருந்து இறங்கிவரும் ஒரு தீர்க்கதரிசிக் கூட்டத்தைக் காண்கிறோம். 19ஆம் அதிகாரத்தில் ராமாவை அடுத்த நாயோத்தில் அத்தகைய கூட்டமொன்றுக்குச் சாமுவேல் தலைவராக நிற்கிறார். ‘நாயோத்’ என்பதற்குக் குடியிருப்புகள் எனப் பொருள் கொள்வர். ஆனால் தர்கூம் ஆசிரியர் அதனைக் ‘கல்விக்கூடம்’ என்றே பெயர்த்தார்! உல்தாள் என்னும் பெண் தீர்க்கதரிசி எருசலேமில் வாழ்ந்த ‘மிஷ்னே’ என்னும் பகுதிக்கும் இதுவே நேர்ந்தது. அது நகரின் இரண்டாம் பகுதியைக் குறிக்கும் பெயர்; தர்கூம் அதனையும் கல்விக்கூடமாக்கியது; 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்போ அவ்வம்மையாரைக் கல்லூரியிலேயே குடியேற்றிவிட்டது. கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர்க்குக் காணுமிடமெல்லாம் கல்லூரியாகத் தோன்றுவது இயல்பு. நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆதலின் சொற்களை விடுத்துச் செய்திகளைப் பற்றிக்கொள்வது நலம்.

செய்திகள் செறிந்திருப்பது இல்யாஸ் (அலை), அல்யஸஃ (அலை) ஆகிய இருவரின் காலத்தில்தான். வேதாகமம் இவர்களை எலியா, எலிசா என்னும். கி.மு. 9ஆம் நூற்றாண்டு, வடக்கே இஸ்ராயீலர் அரசில் பஅல் வணக்கம் அரண்மனையின் ஆதரவோடு தழைத்திருந்த காலம். இல்யாஸ் (அலை) அவர்கள் தம் மக்களின் பஅல் வணக்கத்தைக் கண்டித்ததைத் திருமறையும் (37:125) எடுத்துரைக்கிறது. அரசி யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றொழித்தபோது, அரண்மனை அதிகாரியாகிய ஒபதியா என்பவர் நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் குகைகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் அளித்துக் காத்தார் என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் கூறும். இத்தகைய நெருக்கடியில் திரண்டவர்களே நாம் பேசும் மாணாக்கர். அத்தொடர் இவ்வட அரசின் வரலாற்றிலேயே, அதுவும் சில அதிகாரங்களிலேயே பயின்று வருகிறது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

அவர்தம் வாழ்க்கை வறுமை மிக்கது. பஞ்சகாலத்தில் அவர்களுக்காகக் கூழ் காய்ச்சப்படுகிறது. கீரை பறிக்கச் சென்ற ஒருவர் இன்னதென்றறியாது காட்டுக் கொம்மட்டிக் காய்களை அரிந்து பானையில் இட்டுவிடுகிறார். உண்ணத் தொடங்கியவர் பானையில் சாவு இருப்பதாகக் கூக்குரலிடுகின்றனர். ஒருவர் கொணர்ந்த இருபது வாற்கோதுமை அப்பங்களை நூறு பேர்க்குப் பகிர வேண்டியிருக்கிறது. இடம் போதாமையால் யோர்தான் ஆற்றங்கரைக்குச் சென்று, ஆளுக்கொரு உத்திரம் வெட்டித் தம் கையாலேயே குடியிருப்பைக் கட்டுகின்றனர். வெட்டும்போது கோடரியின் இரும்பு கழன்று நீரில் விழுகிறது. விழவிட்டவர் பதறுகிறார், ஏனெனில் அது இரவல் கோடரி. மாணாக்கருள் இல்லறத்தாரும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் கடனோடு இறந்துவிட, கடன் கொடுத்தவன் அவருடைய இரு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொள்ள வருகிறான்; கைம்பெண் அல்யஸஃ (அலை) அவர்களிடம் வந்து முறையிடுகிறாள். நன்கொடையை நம்பி மத்ரஸாக்களை நடத்தி வருவோர்க்கு இக்காட்சிகள் அந்நியமானவை அல்ல.

இவர்கள் கற்றது யாது? பாடத்திட்டம் எதையும் வேதாகமம் தரவில்லை. ஆசிரியரின் முன் அமர்ந்திருந்தனர் என்கிறது; அவர் ஏவிய பணிகளைச் செய்தனர் என்கிறது. அல்யஸஃ (அலை) அவர்களை அரசரிடம் அறிமுகம் செய்யும் ஒருவன், இல்யாஸ் (அலை) அவர்களின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் என்றே அவரைக் குறிப்பிடுகிறான். பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபிகளார்க்கு உளூச் செய்யத் தண்ணீர் வைத்ததும், மார்க்க விளக்கத்தை அவர்க்கு அருளுமாறு நபிகளார் இறைஞ்சியதும் நம் நினைவுக்கு வருகின்றன. கித்மத் என்னும் பணிவிடையே கல்வியின் முதல் படியாயிருந்தது.

அடுத்தது, பாதுகாத்தல். கி.மு. 8ஆம் நூற்றாண்டினரான ஏசாயா தம் போதனையைத் தம் மாணாக்கரிடையே முத்திரையிட்டு வைப்பதைப் பற்றிப் பேசுகிறார். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் சுருளில் எழுதுகிறார். யோயாக்கீம் மன்னன் அச்சுருளைத் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலிட, பாருக் மீண்டும் எழுதுகிறார். நபிமார்கள் மறைந்த பின்னும் அவர்தம் உரைகள் எஞ்சியமைக்கு இத்தகையோரே காரணர் ஆவர்.

நபித்துவத்தை மட்டும் எவரும் எவர்க்கும் கற்பித்ததாக வேதாகமம் கூறவில்லை. கூறாதது மட்டுமன்று, அதற்கு மாறான சான்றுகளையே அடுக்கித் தருகிறது. இல்யாஸ் (அலை) அவர்கள் உலகைவிட்டு எடுக்கப்படும் வேளையில், தம் ஆவியின் இரட்டைப் பங்கைக் கேட்ட மாணவரிடம், அது அரிய வேண்டுகோள் என்கிறார். தாம் எடுக்கப்படுவதை அவர் காண நேர்ந்தால் கிட்டும், இல்லையேல் கிட்டாது என்கிறார். கொடுப்பது ஆசிரியரின் கையில் இல்லை. அம்மாணவர்தாமும் பள்ளியிலிருந்து அழைக்கப்பட்டவர் அல்லர். பன்னிரண்டு ஏர் மாடுகள் பூட்டிய வயலில் உழுதுகொண்டிருந்தவர். சாமுவேல் ஆலயத்திலேயே வளர்ந்தவர். இருந்தும் இறையழைப்பு வந்தபோது, தம் ஆசிரியர் ஏலி அழைக்கிறார் என்றெண்ணி மும்முறை அவரிடமே ஓடினார். ஏலியால் கற்பிக்க முடிந்தது, எப்படி மறுமொழி கூறுவது என்பதை மட்டுமே.

அல்யஸஃ (அலை) அவர்களுக்கு மிக அணுக்கமாயிருந்தவன் கேயாசி. ஆசிரியரின் இல்லத்திலும் பயணத்திலும் உடனிருந்தவன். சிரியப் படைத்தலைவன் நாகமான் அளித்த காணிக்கையை ஆசிரியர் மறுத்துவிட, இவன் பின்தொடர்ந்து ஓடி, தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரு இளைஞர் வந்திருப்பதாகக் கூறி, அவர்கள் பெயரால் வெள்ளியும் ஆடையும் வாங்கித் தன் வீட்டில் பதுக்கினான். விளைவாகக் குஷ்டம் அவனைப் பற்றிற்று. ஏழை மாணவர்களின் பெயரால் திரட்டியதைத் தன் வீட்டுக்குக் கொண்டுசென்றவர் வரிசையில் ஏடுகளில் பதிவான மிகப் பழைய பெயர்களுள் இவனுடையதும் ஒன்று என்று நாம் எண்ணுகிறோம்.

எண்ணிக்கையும் பயன்படவில்லை. ஆகாப் மன்னன் போருக்குப் புறப்படுமுன் நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டிக் கேட்டான். அனைவரும் ஒரே குரலில் வெற்றி என்றனர். மிகாயா ஒருவரே அழிவை அறிவித்தார், அதுவே நடந்தது. தெக்கோவா ஊரினரான ஆமோஸ் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். பெத்தேலின் ஆசாரியன் அவரைத் துரத்த முற்பட்டபோது, தாம் தீர்க்கதரிசியும் அல்லர், தீர்க்கதரிசியின் புத்திரரும் அல்லர், ஆடு மேய்த்துக் காட்டத்திப் பழம் பதனிட்டு வந்தவர் என்றும், மந்தையின் பின்னிருந்து இறைவனே தம்மை எடுத்தான் என்றும் விடையிறுத்தார். மாணாக்கருள் சிலர் இறைச்செய்தியை அறிவித்ததாகவும் வேதாகமத்தில் இடங்கள் உள்ளன. யெகூவை மன்னனாக அபிஷேகம் செய்தவர் அவர்களுள் ஒருவரே. ஆயின் அவர் எடுத்துச் சென்றது ஆசிரியர் சொல்லியனுப்பிய செய்தி.

கற்று எய்தத்தக்கது என அக்காலத்தவர் கொண்டிருந்தது வேறொன்று; அது கஹானத் என்னும் குறிசொல்லல். பாபிலோனியர் பலியாட்டின் ஈரலைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய நிமித்தத்தை எழுதிய களிமண் உருவங்களைச் செய்தனர். அவற்றுள் ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பாலஸ்தீன் நிலத்து ஹாஸோரிலும் அத்தகைய களிமண் ஈரல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அது பாடமும் பயிற்சியும் கருவியும் உடைய தொழில். நபிகளாரைக் காஹின் என்று குறைஷியர் கூறியதையும் (52:29), பிறரால் கற்பிக்கப்பட்டவர் என்று பழித்ததையும் (44:14) திருமறை ஒருங்கே மறுத்ததன் நுட்பம் இங்கு விளங்கும்.

பின்னாளில் ஃபாராபீ (மறைவு 950), இப்னு ஸீனா (மறைவு 1037) ஆகிய தத்துவ அறிஞர்கள் நபித்துவத்தை மனித ஆற்றல்களின் முழுநிறைவாக விளக்கினர். அவ்வழியில் பயின்ற யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் (1138-1204), தாம் அரபியில் இயற்றிய ‘தலாலத்துல் ஹாயிரீன்’ நூலில் இதற்கு ஒரு கடிவாளம் இட்டார்: தீர்க்கதரிசிகளின் புத்திரர் எக்காலமும் ஆயத்தத்திலேயே இருந்தனர், ஆயினும் தகுதி நிரம்பியவரையும் இறைநாட்டம் தடுத்துவிடக்கூடும், பாருக் அத்தகையவர். இப்னு கல்தூன் (மறைவு 1406) தம் முகத்திமாவில் மேலும் தெளிவாக, நபிமார்களின் நிலை அவர்தம் இயல்பில் இறைவன் அமைத்தது, முயற்சியாலோ கலையாலோ வருவதன்று என வகுத்தார். துணைக்கருவிகளை நாடுவது காஹினின் குறைபாடு என்றார். இம்மூவகைக் கருத்துகளுள் வேதாகமச் செய்திகளோடு முற்றிலும் பொருந்துவது இப்னு கல்தூனின் கூற்றே என்பது நம் துணிபு. தன் தூதை எங்கு வைப்பது என்பதை அல்லாஹ்வே நன்கறிவான் என்னும் திருமறைக் கருத்தின் (6:124) விரிவே அது.

அவ்வாறாயின் நபிமார்கட்குப் பயிற்சியே இல்லையா? உண்டு, பயிற்றுவித்தவன் இறைவன். மூஸா (அலை) அவர்கள் தன் கண்காணிப்பில் வளர்க்கப்பட்டதாக அவனே அறிவிக்கிறான் (20:39). பிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்த அவர் மத்யனில் எட்டோ பத்தோ ஆண்டுகள் கூலிக்கு உழைத்தார் (28:27). நபியான பின்னரும் கல்வி தேடிக் கடல்கள் கூடுமிடம்வரை நடந்தார். ஆடு மேய்க்காத நபி எவருமில்லை என்றும், தாமும் மக்காவாசிகளுக்காகச் சில கீராத்துகளுக்கு மேய்த்ததாகவும் நபிகளார் கூறியதாகப் புகாரியில் காண்கிறோம். சிதறும் மந்தையை ஒன்றுசேர்ப்பதிலும், நலிந்ததன்பால் பரிவு காட்டுவதிலும் பொறுமை பழகுகிறது என்று இப்னு ஹஜர் (மறைவு 1449) அதற்கு விளக்கமளித்தார். ஆமோஸின் விடையை இதனோடு வைத்து நோக்குக.

இனி, அம்மாணாக்கர்க்கு நம் மறையில் இடமுண்டா? உண்டு என்றே கருதுகிறோம். 5:44ஆம் வசனம் தவ்ராத்தைக் கொண்டு தீர்ப்பளித்தோரை வரிசைப்படுத்துகையில் முதலில் நபிமார்களையும், அடுத்து ரப்பானிய்யூன், அஹ்பார் ஆகியோரையும் வைக்கிறது. பின்னவரிடம் வேதத்தைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகவும் கூறுகிறது. 3:79ஆம் வசனம் வேதத்தைக் கற்பிப்பதாலும் ஓதிப் பயில்வதாலும் ரப்பானிகளாகுமாறு பணிக்கிறது. கற்று எய்தத்தக்க நிலை இதுவே. யோர்தான் கரையில் உத்திரம் வெட்டியவர்கள் இவ்வரிசையின் முன்னோர் ஆவர். பயில்தலைக் குறிக்க அவ்வசனம் ஆளும் ‘தரஸ’ என்னும் வேரிலிருந்தே ‘மத்ரஸா’ என்னும் சொல்லும் வந்தது. வேதத்துக்கு வாரிசாகி, அதிலுள்ளதைப் பயின்றும், அற்ப உலகப் பொருளைப் பற்றிக்கொண்ட பிற்காலத்தவரைக் கண்டிக்கும் 7:169ஆம் வசனத்திலும் அதே வேரே ஆளப்பட்டுள்ளது. மதீனா யூதர்களின் கல்விக்கூடத்துக்கு ‘பைத்துல் மித்ராஸ்’ என்று பெயர். நபிகளார் தம் தோழர்களுடன் அங்கு நேரில் சென்று, நின்று அவர்களை அழைத்து, இஸ்லாத்தை எடுத்துரைத்தார்கள்.